நடுவழியில் நின்ற வண்டி: ரயில் பணியாளருக்கான அவசரகால வழிகாட்டி

ஆலப்பாக்கம் தாண்டி புதுச்சத்திரம் போகும் வழியில், ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி நின்றுபோனால் வெளியே எதுவும் தெரியாது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் முந்திரித் தோப்போ சவுக்குத் தோப்போ. தூரத்தில் கடலூர்–சிதம்பரம் சாலையில் லாரி போகும் வெளிச்சம் மட்டும் விட்டுவிட்டுத் தெரியும். அந்த நேரத்தில் புதிதாக வேலைக்கு வந்தவர் என்ன செய்வார்? இறங்கி ஓடி, பழுதைத் தேடுவார். நானும் முதல் வருஷத்தில் அப்படித்தான் ஓடினேன். உடனிருந்த மூத்த டிரைவர் விட்ட திட்டு இன்னும் காதில் இருக்கிறது: "நின்ன வண்டிய அப்புறம் பார்க்கலாம்யா, ஓடிக்கிட்டு இருக்கிற வண்டிய முதல்ல நிறுத்து!"

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வரியின் விரிவுதான். விழுப்புரம் லாபியில் (பணியாளர் டியூட்டி ஏறும் அலுவலகம்) கையெழுத்துப் போட்டு, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கோ, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கோ வண்டி ஓட்டும் தம்பி தங்கைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பொது விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு மண்டலத்துக்கும் துணை விதிகள் உண்டு, அவ்வப்போது திருத்தச் சீட்டும் வரும். நான் சொல்வதும் உங்கள் கையில் இருக்கும் புத்தகமும் எங்காவது முரண்பட்டால் புத்தகத்தைப் பின்பற்றுங்கள்.

ஒரு சின்ன விஷயம். வண்டியின் கடைசியில் இருந்து பொறுப்பைக் கவனிப்பவரின் 'கார்டு' என்ற பதவிப் பெயர் 2022 ஜனவரியில் 'டிரெயின் மேனேஜர்' ஆனது. பழைய நாக்கு, எனக்குக் கார்டுதான் வரும்.

பையைத் திறந்து பாருங்கள்

டியூட்டி ஏறும்போது டெட்டனேட்டர் (சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கும் சின்ன வெடி) டப்பாவின் எடையை மட்டும் பார்த்து வாங்கிக்கொள்பவர்கள் அதிகம். திறந்து எண்ணுங்கள். ஒவ்வொன்றின் மேலும் தயாரித்த ஆண்டு இருக்கும், அதைப் படியுங்கள். தண்டவாளத்தில் கட்டுவதற்கான ஈயப் பட்டை ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புக் கொடி இரண்டு, பச்சை ஒன்று. மூவண்ண டார்ச்சைச் சிவப்பில் வைத்து ஒரு நிமிடம் எரியவிடுங்கள். வாக்கிடாக்கியில் சார்ஜ் இருக்கிறதா என்று உங்கள் கார்டையே கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மரக்கட்டைகள் எஞ்சினில் எந்த மூலையில் கிடக்கின்றன என்பது பகலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஒரு நிமிடம்

வண்டி தடம் புரண்டதோ, எதிலோ மோதியதோ, இனி நகராது என்று தெரிந்த கணத்தில் லோகோ பைலட் (டிரைவர்) செய்ய வேண்டியவை எல்லாம் அவர் இருக்கையிலிருந்தே செய்யக்கூடியவை. பிளாஷர் விளக்கைப் போடுங்கள். அந்த மஞ்சள் மினுக்கலைப் பார்க்கும் எதிர் வண்டி நின்றுதான் ஆக வேண்டும். நான்கு குறுகிய விசில் கொடுங்கள். விபத்தோ பழுதோ தடையோ, வண்டி மேற்கொண்டு போக முடியாது என்று கார்டுக்கு அர்த்தம். கூடவே வாக்கிடாக்கியில் இருபக்க ஸ்டேஷன் மாஸ்டருக்கும், கேட்கும் தூரத்தில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் சொல்லுங்கள். எதிரே வண்டி வருவது கண்ணில் பட்டுவிட்டால் நிறுத்தாமல் குறுவிசில் அடித்துக்கொண்டே இருங்கள். ஆபத்து என்பதற்கான குறி அது.

அடுத்தது வண்டியைக் கட்டிப்போடுவது. பிரேக் போட்டிருக்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. வண்டி நெடுக ஓடும் காற்றுக் குழாய்களான பிரேக் பைப்பில் 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தம் இருந்தவரை எல்லாம் சரி. எஞ்சின் செத்துப்போய்விட்டால் சிலிண்டரில் பிடித்திருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நேரம் ஆக ஆக பிரேக் தளரும். சரிவில் நின்ற வண்டி தானாக உருண்ட கதைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே எஞ்சின் பார்க்கிங் பிரேக், கார்டு வேன் கைப்பிரேக், சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை, இந்த மூன்றும் போட்ட பிறகே கை துடைக்கலாம்.

1200 மீட்டர் நடை

வரும் வண்டிகளை எச்சரிக்க, கார்டு பின்பக்கமும், உதவி டிரைவரான அசிஸ்டென்ட் முன்பக்கமும் கிளம்புகிறார்கள். பக்கத்துப் பாதை அடைபட்டிருந்தால் முதலில் அதைத்தான் காப்பாற்ற வேண்டும், உங்கள் சொந்தப் பாதை அப்புறம். விழுப்புரத்துக்கு வடக்கே சென்னைப் பக்கமோ, தெற்கே திருச்சிப் பக்கமோ இரட்டைப் பாதையில் போகும்போது இதை மறக்கவே கூடாது. கவிழ்ந்த பெட்டி பக்கத்துத் தண்டவாளத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும்போது அந்தப் பாதையில் இன்னொரு வண்டி முழு வேகத்தில் வருவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

அகலப் பாதையில் கணக்கு இது: தடையிலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் மூன்று. அந்த மூன்றுக்கும் இடையே பத்துப் பத்து மீட்டர். மீட்டர் கேஜ் காலத்தில் இது 400, 800 ஆக இருந்தது. விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை 2010இல் அகலப் பாதையானபோது எங்கள் நடையும் நானூறு மீட்டர் கூடியது. வீட்டில் சொன்னபோது, "அரசாங்கம் வாக்கிங் போகச் சொல்லுது" என்று சிரித்தார்கள்.

ஏன் இவ்வளவு தூரம்? மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வண்டி விநாடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் பாய்கிறது. 1200 மீட்டரைக் கடக்க அதற்கு 40 விநாடிகூட ஆகாது. டிரைவர் வெடிச் சத்தம் கேட்டு, புரிந்து, எமர்ஜென்சி போட்டு, சக்கரம் பிடித்து நிற்க அந்த தூரம் முழுவதும் வேண்டும்.

தூரத்தை எப்படி அளப்பது? காலடியை எண்ணாதீர்கள், ஜல்லியில் காலடி சமமாக விழாது. மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கிலோமீட்டர், பின்னால் இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. வண்டி நின்ற இடத்தில் எந்த எண் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நேர்ப்பாதையில் கம்பங்கள் தள்ளித் தள்ளியும் வளைவில் நெருங்கியும் நிற்கும். அதனால் கம்பத்தை மட்டும் எண்ணாமல் கிலோமீட்டர் எண் மாறுவதையும் கவனியுங்கள்.

நடக்கும்போதே சிவப்பைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். டெட்டனேட்டரை தண்டவாளத்தின் தலையில் எழுத்து மேலே தெரியும்படி வைத்து, ஈயப் பட்டையை இருபக்கமும் மடித்து அழுத்துங்கள். வைத்த பிறகு பக்கத்தில் நிற்காதீர்கள். வண்டி ஏறும்போது அதைச் சுற்றி 45 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது. சிதறும் தகரம் கண்ணைப் பறிக்கும். நீங்கள் 1200 போய்ச் சேருவதற்கு முன்பே வண்டி வரும் சத்தம் கேட்டால் விதியை நினைத்துத் தயங்க வேண்டாம். நின்ற இடத்திலேயே, முடிந்தவரை தள்ளி, கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சிவப்பை ஆட்டுங்கள்.

எஞ்சினிலிருந்து திரும்ப அழைத்தால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1200இல் வைத்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். வழியில் 600இல் இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதுகைத் திருப்பி நடந்துவரும் நேரத்திலும் பின்னால் ஒரு காவல் இருக்கிறது என்பதே அதன் காரணம். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். களத்தில் சிக்கனமாக மூன்றையும் பொறுக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஒற்றைப் பாதை, பிளாக் (இரு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட பாதை) என் பெயரில் இருக்கிறது, இன்னொரு வண்டி எப்படி உள்ளே வரும்?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உங்களை மீட்க வரும் எஞ்சினே அந்த பிளாக்குக்குள்தான் வரப் போகிறது. அதை ஓட்டுபவருக்கு நீங்கள் சொன்ன கிலோமீட்டர் தவறாகப் போயிருக்கலாம். விதியை எழுதியவர்கள் எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்காக அதை எழுதவில்லை.

ஸ்டேஷன் பக்கமும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வழக்கமான ஓட்ட நேரத்துக்கு மேல் பயணிகள் வண்டி பத்து நிமிடம், சரக்கு வண்டி இருபது நிமிடம் தாமதித்தால், அதற்காகக் காத்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டிக்குப் பின்னால் உள்ள ஸ்டேஷனுக்கும் கண்ட்ரோலுக்கும் (வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் அறை) சொல்லி, பக்கத்துப் பாதை வண்டிகளை எச்சரிக்க வேண்டும். அவர் கண்டுபிடிக்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது.

இடத்தைச் சொல்லும் விதம்

கண்ட்ரோலுக்குச் சொல்லும் மொழி வேறு, 108க்குச் சொல்லும் மொழி வேறு. இதில்தான் அதிக நேரம் வீணாகிறது.

கண்ட்ரோலுக்கு: வண்டி எண், எந்த இரு ஸ்டேஷனுக்கு நடுவே, கம்ப எண், என்ன நடந்தது, எத்தனை பெட்டி, பக்கத்துப் பாதை அடைபட்டதா, மின்கம்பி அறுந்ததா, உத்தேசமாக எத்தனை பேருக்குக் காயம், மருத்துவ வண்டி வேண்டுமா, கிரேன் வேண்டுமா. தெரியாததை 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். ஊகத்தில் ஒரு எண்ணிக்கையைச் சொன்னால் அது அரை மணி நேரத்தில் டிவியில் ஓடும்.

108க்கு 'கிலோமீட்டர் 215/14' என்றால் அந்த முனையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன தெரியும்? ஊர்ப் பெயர், எந்த மெயின் ரோட்டிலிருந்து பிரிய வேண்டும், பக்கத்து ரயில்வே கேட் எது, ஆம்புலன்ஸ் பாதையின் எந்தப் பக்கம் வர வேண்டும், இவைதான் வேண்டும். பாதைக்குக் கிழக்கே நிற்கும் ஆம்புலன்ஸுக்கு மேற்கே கிடக்கும் காயம்பட்டவரைக் கொண்டுசேர்க்க வண்டிக்கு அடியில் புகுந்துதான் போக வேண்டியிருக்கும். ஆகவே நீங்கள் ஓட்டும் பாதையை ஒரு நாள் பைக்கில் ஓட்டிப் பாருங்கள். நெல்லிக்குப்பம், வரக்கால்பட்டு, புதுச்சத்திரம், கிள்ளை என்று ஒவ்வொரு இடத்திலும் சாலை எங்கே தண்டவாளத்தை நெருங்குகிறது என்பது மனதில் ஏறிவிடும். கேட் கீப்பருக்கும் உள்ளூர் டீக்கடைக்காரருக்கும் தெரிந்தது கண்ட்ரோல் அறைக்குத் தெரியாது. புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர், கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, தெற்கே சிதம்பரம். எந்த இடத்திலிருந்து எது கிட்டே என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பயணிகளில் டாக்டர், நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று டிக்கெட் பரிசோதகரை விட்டுப் பெட்டி பெட்டியாகக் கேட்கச் சொல்லுங்கள். உறவினர் கேட்டால் கொடுக்க வேண்டிய எண் 139.

தீ

புகை என்ற சொல் காதில் விழுந்ததுமே நிறுத்துங்கள். ஒரே விதிவிலக்கு பாலம். தென்பெண்ணை மேலோ கெடிலத்தின் மேலோ நின்றுவிட்டால் ஆட்களை எங்கே இறக்குவீர்கள்? சக்கரம் உருளும் நிலையில் இருந்தால் பாலத்தைத் தாண்டி நில்லுங்கள்.

முதலில் ஆட்கள், பிறகு பெட்டி. கதவும் சிவப்புக் கைப்பிடி போட்ட அவசர ஜன்னலும் திறக்கட்டும். எஞ்சினிலிருந்து பெட்டிகளுக்குப் போகும் மின்சாரத்தை, அல்லது பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் பவர் காரை நிறுத்துங்கள். தீயணைப்பான் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஜ்வாலையின் தலையில் அடித்து வீணாக்காமல் அடியில் அடியுங்கள். ஆரம்பத் தீக்குத்தான் அது. கூரை வரை ஏறிய தீயோடு மல்லுக்கட்டாதீர்கள்.

பிறகு எரியும் பெட்டியைத் தனிமைப்படுத்துவது. மற்றப் பெட்டிகளுக்கும் அதற்கும் இடையே குறைந்தது 45 மீட்டர் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன், பிரியப் போகும் ஒவ்வொரு துண்டுக்கும் கைப்பிரேக்கும் கட்டையும் போட்டாயிற்றா என்று கார்டும் அசிஸ்டென்டும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். புதுச்சேரி மெமு (பெட்டிகளோடு சேர்ந்தே ஓடும் மின்சார வண்டி) போன்ற வண்டிகளில் நினைத்த மாதிரி ஒரு பெட்டியை மட்டும் உருவ முடியாது. அங்கே ஆட்களை இறக்கித் தள்ளிக் கொண்டுபோவதே வேலை.

தண்ணீர் ஊற்ற ஊர்க்காரர்கள் குடத்தோடு ஓடிவருவார்கள். நல்ல மனசு, ஆனால் தடுத்துவிடுங்கள். தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது. டிராக்‌ஷன் பவர் கண்ட்ரோலர் (மேல்கம்பி மின்சாரத்தைக் கவனிப்பவர்) மின்சாரத்தை நிறுத்தியதாக உறுதி சொல்லும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. அறுந்து தொங்கும் கம்பியும் அப்படித்தான். நிறுத்தியாயிற்று என்று சொன்னாலும், தரையோடு இணைத்து எர்த் செய்யும் வரை உயிருள்ள கம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். பெட்டிக் கூரையில் ஏறி வேடிக்கை பார்க்கும் பையன்களை முதலில் இறக்குங்கள்.

புயலும் வெள்ளமும்

நம் ஊருக்கு இது பாடப்புத்தகம் அல்ல. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரை ஏறியது. பண்ருட்டியில் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்று என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டத்தில் புயலில் மாட்டிக்கொண்டால் முதல் வசதியான இடத்தில் நிறுத்துங்கள். எது வசதியான இடம்? கூர்மையான வளைவு இல்லை, உயர்ந்த கரை இல்லை, பாலம் இல்லை. நிறுத்திய பிறகு புதியவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும் வேலை ஒன்று உண்டு: பெட்டிகளின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். மழைக்குப் பயந்து பயணிகள் ஷட்டரை இழுத்து மூடியிருப்பார்கள். மூடிய பெட்டி காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். "நனைஞ்சா காயும், கவுந்தா எழுந்திருக்காது" என்று நான் பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு போனதுண்டு. திட்டிக்கொண்டே திறந்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. அதன் பிறகுதான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். வெள்ளத்தில் தண்டவாளம் மேலே நேராகவே தெரியும், அடியில் மண் போயிருக்கும். அதனால் ஜல்லிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் நின்றுவிடுங்கள். இரண்டு பேர், தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டையின் இரு முனையிலும் ஒருவராக, கம்பால் தட்டிப் பார்த்து நடந்து, பாதை இருக்கிறது என்று உறுதியான பிறகே வண்டி ஆமை வேகத்தில் பின்தொடரலாம். தண்டவாளமே தெரியாமல் தண்ணீர் நின்றால் முடிவு உங்களுடையது அல்ல, பாதைப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு அடியில் டிராக்‌ஷன் மோட்டார்கள் இருப்பதையும் மறக்காதீர்கள். தண்ணீர் புகுந்தால் நடு வெள்ளத்தில் எஞ்சின் நின்றுவிடும்.

ஓட்டத்தில் வண்டி திடீரென்று ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டால், அது மழைக்காலமானாலும் கோடையானாலும், உடனே இருபக்க ஸ்டேஷனுக்கும் கம்ப எண்ணோடு சொல்லுங்கள். நீங்கள் தப்பித்து வந்துவிட்டீர்கள், பின்னால் வருபவர் தப்பிப்பார் என்று உறுதி இல்லை.

கேட்

2025 ஜூலை 8 காலை செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். சிக்னலோடு இணைக்கப்படாத கேட் அது. அப்படிப்பட்ட கேட்டில் கேட் கீப்பரும் ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் ரகசிய எண் பரிமாறிக்கொள்வதுதான் பூட்டு. டிரைவருக்கு அதை நேரில் சரிபார்க்க வழி கிடையாது. உங்கள் கையில் இருப்பவை ஹாரனும் கண்ணும் மட்டுமே. கேட்டுக்கு முன்னால் விசில் அடிக்கச் சொல்லும் பலகையிலிருந்து கேட் தாண்டும் வரை அசிஸ்டென்ட் எழுந்து நின்று பார்க்கட்டும்.

கேட் சிக்னல் சிவப்பாக இருந்தால் விசில் கொடுத்து, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்று, பிறகு கேட் வரை மெதுவாகப் போய், கேட் கீப்பர் கைப்பச்சை காட்டினால் கடக்கலாம். ஆளே இல்லையென்றால் அசிஸ்டென்ட் இறங்கி, கேட் மூடியிருப்பதைத் தானே பார்த்த பிறகுதான்.

மோதிவிட்டால், நான் மேலே சொன்ன வரிசையே: பிளாஷர், விசில், தகவல், பாதுகாப்பு, அதோடு முதலுதவி. கூட்டம் கோபத்தோடு வரும். வாதம் செய்யாதீர்கள். அடிபட்டவர் பக்கத்தில் முதலுதவிப் பெட்டியோடு குனிந்திருப்பவரை யாரும் அடிப்பதில்லை, என் அனுபவத்தில்.

செயினும் அறுபட்ட வண்டியும்

செயின் இழுத்தால் எந்தப் பெட்டி என்பதைக் காற்றுச் சீறும் சத்தமும் பெட்டியின் வெளி விளக்கும் காட்டும். அதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. ஆனால் ஏன் இழுத்தார்கள் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள். வண்டி இரண்டாக அறுந்தால் காற்றுப் பிரேக் இரு துண்டையும் தானாகப் பிடிக்கும். பின் துண்டைக் கார்டு கைப்பிரேக்கால் கட்டட்டும், முன் துண்டைப் பின்னால் தள்ளிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

உதவி எஞ்சின் கேட்ட பிறகு

இதை மட்டும் கையில் பச்சை குத்திக்கொள்ளலாம்: உதவி கேட்டுவிட்டால் வண்டியை நகர்த்தக் கூடாது. பத்து நிமிடத்தில் பழுது சரியாகிவிடும், எஞ்சின் உறுமும், கை துறுதுறுக்கும். நீங்கள் சொன்ன கம்ப எண்ணை நம்பி ஒருவர் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். உரிய அனுமதி வரும் வரை அசையாதீர்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு மெமோ எழுத வேண்டும். பிளாஷர் போட்ட நேரம், கண்ட்ரோலோடு பேசிய நேரம், டெட்டனேட்டர் வைத்த நேரம், எத்தனை செலவானது, எல்லாம். நடக்கும்போதே உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வேன். மழையில் அழிந்துபோன ஒரு ராத்திரிக்குப் பிறகு பென்சிலும் பிளாஸ்டிக் உறையில் போட்ட துண்டுக் காகிதமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.